நாற்பத்து மூன்று காட்டினால் முப்பத்தாறு

எங்கள் வீட்டில் எனக்கு ஓர் அதிகாரம் இருந்தது. ஒன்றே ஒன்று. அதுவும் நான்கு பொய்களின் மேல் நின்றுகொண்டிருந்தது.

பொய்களை நான் சொல்லவில்லை. என் கார் சொன்னது.

அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. என்னைவிட எட்டு வயது பெரியது. அப்பா விட்டுப்போன சொத்தில் தம்பிக்கு வீடு போயிற்று, எனக்குக் கார் வந்தது. தம்பி இன்னும் சந்தோஷமாக இருக்கிறான். காரின் டேஷ்போர்டில் வட்ட வட்டமாக நான்கு கண்ணாடிகள். வேகம், பெட்ரோல், சூடு, மணி. வண்டி நகர்ந்ததும் வேகமுள் இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஓடிப்பிடித்து விளையாடும். பெட்ரோல் முள் பாதி காட்டினால் டாங்கில் நான்கு லிட்டர் என்று அர்த்தம். முக்கால் காட்டினால் பாதி. சூட்டுமுள் சாவியைத் திருப்பியதுமே சிவப்புக்குப் போய் அங்கேயே குடித்தனம் நடத்தும். கடிகாரம் நாலு பத்தில் நின்றுவிட்டது. எந்த வருஷத்து நாலு பத்து என்று யாருக்கும் தெரியாது.

இத்தனையையும் மனசுக்குள் திருத்திப் படித்து வண்டி ஓட்ட இந்த உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும். அந்த ஒருவன் ராகவேந்திரன். அதாவது நான். ஆகவே ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள இருக்கை எனக்கு மட்டுமே சொந்தம்.

மற்றபடி எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டில் என் ராஜ்ஜியம் எது? டிவி ரிமோட் ஹம்சினியிடம். நான் ஆபீசுக்கு எந்தச் சட்டை போட வேண்டும் என்பது ஹம்சினியிடம். எனக்குத் தலைவலி வந்திருக்கிறதா என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹம்சினி என் மனைவி. பாட்டு டீச்சர். சாயங்காலமானால் எங்கள் ஹாலில் பதினைந்து குழந்தைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டும். "ஓடாதே! காலப்பிரமாணம் ஓடறது பார்!" என்று அவள் அதட்டினால், சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் நானும் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ரேஷன் கடை வரிசையிலும் தாளம், டாக்டர் வீட்டு பெஞ்சிலும் தாளம். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் நான் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் ஓர் அட்டையை என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது, கேஸ் கனெக்‌ஷனா?"

"டிரைவிங் லைசென்ஸ்."

"யாரோடது?"

"போட்டோ இருக்கே. பாருங்கோ."

பார்த்தேன். அட்டையில் இருந்த முகமும் எதிரே இருந்த முகமும் ஒரே மாதிரி என்னை முறைத்தன.

"ரெண்டு மாசமா கார்த்தால வாக்கிங் போறேன்னியே ஹம்சி?"

"வாக்கிங்தான். தெருக்கோடி வரைக்கும் நடந்தேன். அங்க டிரைவிங் ஸ்கூல் கார் நின்னுண்டிருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீங்களே கத்துத் தரேன்னுடுவேளே. அந்த பயந்தான்."

இட்லி தொண்டையில் நின்றது. அவள் அடுத்த அட்டையை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் இட்லி திரும்பி வரப் பார்த்தது.

பழைய கார்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் ஓட்டத்தின் அழைப்பு அது. திருவான்மியூரிலிருந்து கடற்கரைச் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் முப்பத்தாறு கிலோமீட்டர். ஒரு மணி நேரம். முந்தி வருகிறவனுக்குக் கப் கிடையாது. சரியாக வருகிறவனுக்குத்தான். நடுவில் எங்கோ ஒளிந்து நின்று மணி பார்ப்பார்கள். சீக்கிரம் வந்தாலும் மார்க் போகும், தாமதமாக வந்தாலும் போகும். செல்போனையும் கைக்கடிகாரத்தையும் கிளம்பும்போதே உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். டேஷ்போர்டில் உள்ளதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

போன வருஷம் பதினான்கு வண்டிகளில் நான் பதின்மூன்றாவது. பதினான்காவது வண்டி கிளம்பவே இல்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்" என்றாள் ஹம்சினி.

நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முன்னால் அப்படிச் சிரிக்க எனக்கு வாய்த்தது அந்தக் கார் விஷயத்தில் மட்டும்தான்.

"ஹம்சி, இது ஓட்டற வண்டி இல்லை. புரிஞ்சுக்கற வண்டி."

"என்ன புரிஞ்சுக்கணும்?"

"எந்த முள்ளும் உண்மை சொல்லாது. எது எவ்வளவு பொய்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப சரி பண்ணிடுங்கோ."

"எதை?"

"முள்ளை. உண்மை சொல்ல வெச்சுட்டா யார் வேணா ஓட்டலாமோல்லியோ?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஃப்ளாட் சுப்புலக்ஷ்மி மாமி எங்கள் வாணலியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மாமி எங்கள் வீட்டுப் பொருளைக் கொண்டுவரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு போவார்.

"என்ன ராகவேந்திரா, பொண்டாட்டி வண்டி ஓட்டினா வண்டி தேஞ்சு போயிடுமா?"

மாமி எதிரில் சின்ன மனுஷனாக எனக்கு விருப்பமில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்திய நெஞ்சிலிருந்து வரும் வார்த்தைகள் என்றைக்கும் எனக்கு நல்லது செய்ததில்லை.

"ஓட்டட்டுமே மாமி! மீட்டரை சரி பண்ணித் தரேன். ஞாயித்துக்கிழமை அவளே ஓட்டட்டும். கப் வாங்கிண்டு வந்தா சாவி அவளோடது. வாங்கலேன்னா அப்புறம் இந்தப் பேச்சே ஆத்துல எழப்படாது."

"சாவின்னா எப்பவுமா?" என்றாள் ஹம்சினி.

"எப்பவும்."

"நான் கேட்டுண்டேன்" என்றார் மாமி. வாணலியை மறுபடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். அது சரியாகவும் இருக்கக் கூடாது. அரசாங்க ஆபீசில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது பெரிய விஷயமா?

அன்று மாலையே சேரனிடம் போனேன். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆட்டோ மீட்டரிலிருந்து லாரி மீட்டர் வரை பிரித்து மேயும் கடை அவருடையது. ஸ்பீடாமீட்டரைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டார்.

"கேபிள் காஞ்சு பூட்ச்சு சார். அதான் முள்ளு டான்ஸ் ஆடிக்கினு கீது. கிரீஸ் வெச்சு, ஸ்பிரிங்கை செட் பண்ணிட்டா கரீக்டா காட்டும்."

"கரெக்டா வேணாம் சேரன்."

பூதக்கண்ணாடி வழியாக ஒரு பெரிய கண் என்னைப் பார்த்தது.

"இன்னா சார் சொல்றீங்க?"

"முள்ளு ஆடக் கூடாது. அசையாம, நல்ல பிள்ளை மாதிரி நிக்கணும். ஆனா தப்பா காட்டணும். முப்பதுல போனா முப்பத்தாறு காட்டற மாதிரி."

"இருவது வருசமா தொழில்ல கீறேன். ரிப்பேர் பண்ணுன்னு கொண்டாருவாங்க. ரிப்பேராக்குன்னு கொண்டாந்தது நீ ஒர்த்தர்தான் சார்."

"முடியுமா முடியாதா?"

"ஸ்பிரிங்கை கொஞ்சம் லூஸ் உட்டா மேட்டர் ஓவர். ஆனா எதுக்கு?"

"அந்தத் தப்பு எனக்கு மட்டும் தெரியணும். அவ்வளவுதான்."

சேரன் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வூட்ல அம்மா ஓட்றாங்களா?"

இந்த ஊரில் மெக்கானிக்குகளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் கிடையாது.

கணக்கு ரொம்ப சுலபம். ஹம்சினி முள்ளை நம்பி முப்பத்தாறில் ஓட்டுவாள். உண்மையில் வண்டி முப்பதில் போகும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய தூரத்துக்கு எழுபத்திரண்டு நிமிஷம் ஆகும். பன்னிரண்டு நிமிஷம் லேட். கப் போச்சு. சாவி தங்கிற்று. பெட்ரோல் முள்ளையும் சூட்டுமுள்ளையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பாவம் போதும்.

சனிக்கிழமை விடியற்காலை ஹம்சினி என்னை எழுப்பினாள்.

"மீட்டரை சரி பார்த்துடலாமா?"

"சேரன் பார்த்துட்டார் ஹம்சி."

"நானும் பார்த்துடறேனே. நீங்க ஓட்டுங்கோ, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

திருவான்மியூரைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போனோம். சாலை காலியாக இருந்தது.

"முப்பத்தாறுல வெச்சுக்கோங்கோ. அசையப்படாது."

வைத்தேன். முள் அசையவில்லை. கல்லில் செதுக்கிய மாதிரி முப்பத்தாறில் நின்றது. ஆடிக்கொண்டே சொன்ன பொய்யை இத்தனை நாள் யாரும் மதிக்கவில்லை. இந்த ஆடாத பொய்யில் என்ன ஒரு கம்பீரம்! எனக்கே அதைக் கும்பிடலாம் போலிருந்தது.

ஹம்சினி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கிலோமீட்டர் கல் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அவள் கை தன் பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் தட்டுகிற கைதானே.

"போறும். திரும்பிடலாம்."

"எப்படி இருக்கு மீட்டர்?"

"பேஷா இருக்கு. ரொம்பப் பிரமாதமா செட் பண்ணியிருக்கேள்."

அவள் என்னைப் பாராட்டி வெகு காலம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஞாயிறு காலை ஆறரை. திருவான்மியூரில் வண்டிகள் வரிசையாக நின்றன. என் கடிகாரத்தையும் இரண்டு பேருடைய போனையும் உறையில் போட்டு ஒட்டினார்கள். ஹம்சினி அரக்குப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் இடது பக்கம். அந்தப் பக்கத்தில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு ஸ்பிரிங் நீட்டிக்கொண்டிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இது எத்தனை நாளா குத்தறது?"

"இருபத்திரண்டு வருஷமா" என்றாள் ஹம்சினி.

கொடி விழுந்தது. கிளம்பினோம். முதல் கியர், இரண்டு, மூன்று. முள் முப்பதைத் தாண்டிற்று. முப்பத்தாறுக்கு வந்தது. நான் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டேன்.

முள் நிற்கவில்லை. நாற்பது. நாற்பத்து மூன்று. அங்கே நின்றது.

காலை எடுத்துவிட்டேன்.

"ஹம்சி! நாற்பத்து மூணு காட்டறது!"

"தெரியும்னா."

"முப்பத்தாறுலன்னா போகணும்!"

"அதுலதான் போயிண்டிருக்கேன்."

"முள்ளு நாற்பத்து மூணுல நிக்கறதே!"

"ஏன், முள்ளு தப்பா காட்டறதா?"

தப்பாகக் காட்டுகிறது என்றால் மாட்டிக்கொள்வேன். சரியாகக் காட்டுகிறது என்றால், அப்போது குறைக்கச் சொல்லாமல் ஏன் சும்மா இருக்கிறாய் என்று என் மனசாட்சியே கேட்கும்.

"இல்லையே. சேரன்... நன்னாத்தானே பண்ணியிருக்கார்."

"அப்ப என்ன, குறைக்கட்டுமா?"

வாயைத் திறந்தேன். 'குறை' என்று ஒரு சொல் சொன்னால் கப் போய்விடும், இருக்கை என்னிடம் தங்கும். அதற்குத்தானே இத்தனை பாடு! ஆனால் எதிரே சாலை நீண்டு கிடந்தது. வண்டி எண்ணெய் தடவிய மாதிரி போய்க்கொண்டிருந்தது. என் கையில் ஒரு நாளும் அது அப்படிப் போனதில்லை. போன வருஷம் நான் பதின்மூன்றாவதாக வந்தபோது மேடையில் ஒருவர் தோளைத் தட்டி, "கலந்துக்கிட்டதே பெரிசு சார்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"குறை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"ஒண்ணுமில்லை. ரோட்டைப் பாரு."

திரும்பி வரும் வழியில் நீலாங்கரை சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றோம். அவள் இடது கைப் பெருவிரல் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே இருந்தது. வாய்க்குள் ஒரு வர்ணம் ஓடியது. பச்சை விழுந்ததும், "மூணு ஆவர்த்தனம் போயிடுத்து" என்று முணுமுணுத்தபடி முள்ளை ஐம்பதுக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நாற்பத்து மூன்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடையில் தட்டிய கை. மூன்று கிலோமீட்டர் கற்கள்.

"ஹம்சி, நேத்திக்கு நீ தாளமா போட்டுண்டு வந்தே?"

"பின்னே? கொசுவா அடிச்சேன்?"

"அதுல என்ன தெரியும்?"

"ஒரு எண்ணிக்கைக்கு ஒரு செகண்டு. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் எட்டு செகண்டு. முப்பத்தாறுல போனா ஒரு கிலோமீட்டருக்கு நூறு செகண்டு. பன்னெண்டரை ஆவர்த்தனம். நேத்திக்கு மூணு கல்லுக்கும் பதினஞ்சு பதினஞ்சா வந்தது. அப்ப நீங்க முப்பதுலதானே போயிண்டிருந்தேள்?"

"மீட்டரைவிட உன் தொடை கரெக்டா?"

"மீட்டருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவர் யாரு?"

நான் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். கடல் அந்தப் பக்கம் இல்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

முடிவு சொல்லும்போது மைக்கில் இருந்தவருக்கே நம்பிக்கை வரவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒளிந்து நின்ற நான்கு இடங்களிலும் சேர்த்து எங்கள் வண்டியின் பிசகு மொத்தம் மூன்று விநாடி. இரண்டாவதாக வந்தவருடைய பிசகு ஒரு நிமிஷத்துக்கு மேல். ஹம்சினியைக் கூப்பிட்டுப் பெரிய கப் ஒன்றைக் கொடுத்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள்.

"இதுக்குக் காரணம் எங்காத்துக்காரர்தான்" என்றாள் அவள். "மீட்டரை அவர்தான் மெனக்கெட்டு செட் பண்ணித் தந்தார். இப்படி செட் பண்ண வேற யாருக்கும் மனசு வராது."

கைதட்டினார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் வந்து என்னிடம் சேரனின் முகவரி கேட்டார்கள்.

வீட்டு வாசலில் சுப்புலக்ஷ்மி மாமி வாணலியோடு நின்றிருந்தார். கப்பைப் பார்த்தார். என் முன்னால் கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன். மாமி அதை வாங்கி ஹம்சினியின் இடுப்பில் செருகினார். வாணலி மறுபடி மாமியோடு போயிற்று.

அதற்குப் பிறகு வந்த பதினைந்து நாளும் நான் ஆபீசுக்கு இருபத்தொன்று சி பஸ்ஸில் உட்கார்ந்து போனேன் என்று சொன்னால் பொய். நின்றுகொண்டு போனேன். காரில் போனபோது ஸ்பிரிங் குத்திற்று.

பதினாறாம் நாள், ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஹாலில் பதினைந்து குழந்தைகளும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஹம்சினி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். சாவி ஷெல்ஃபின் மேல் இருந்தது. வேகத்தைக் கண்டுபிடித்தாள், சரி. ஆனால் பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் தாளம் கிடையாதே! அந்த ரகசியம் இன்னும் என்னிடம்தானே இருக்கிறது? மெதுவாகச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. பாதி என்றால் நான்கு லிட்டர். அடையாறு போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பத் தாராளம். ராஜாவைப் போல உட்கார்ந்து கிளப்பினேன். ராஜா அண்ணாமலைபுரம் வரை ராஜாவாகவே போனேன்.

அங்கே வண்டி இருமிற்று. இன்னொரு தடவை இருமிற்று. நின்றுவிட்டது. முள் இன்னும் பாதியில்தான் இருந்தது. பின்னால் ஆட்டோக்கள் என் பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்தன.

போன் செய்தேன். தாளச் சத்தத்துக்கு நடுவே ஹம்சினியின் குரல் வந்தது.

"எங்க நின்னுடுத்து?"

நான் இன்னும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"ராஜா அண்ணாமலைபுரம்."

"அங்கேயே இருங்கோ. ஆள் அனுப்பறேன்."

கால் மணி நேரத்தில் ஆட்டோவில் ஒரு பெட்ரோல் கேனோடு வந்து இறங்கியவர் சேரன்.

"அம்மா அனுப்ச்சாங்க சார்."

"சேரன், பெட்ரோல் முள்ளு பாதி காட்டறதே!"

"ஆமா சார். பாதின்னா காலி. போன வாரம் அம்மா வந்து மாத்திக்கினு போனாங்க. சூட்டு முள்ளையும் ஸ்பீடு முள்ளையும் கூட. அல்லாத்தையும் வேற மாரி வெச்சாச்சு."

"வேற மாதிரின்னா? எது எவ்வளவு?"

சேரன் தலையைச் சொறிந்தார். பாவம், நல்ல மனுஷன்.

"நீதானே சார் சொன்னே, தப்பு ஓனருக்கு மட்டும்தான் தெரியணும்னு. இப்ப ஓனரு அவங்க."

அப்போது என் போன் அடித்தது. அதில் ஹம்சினி சொன்னாள்:

"ஏன்னா, எத்தனை தடவை சொல்றது? இது ஓட்டற வண்டி இல்லை. புரிஞ்சுக்கற வண்டி. சாவியை சேரன்ட்ட குடுத்துடுங்கோ."

கொடுத்தேன். அந்தக் குத்தும் ஸ்பிரிங்கின் மேலேயே, காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு, என் காரில் நான் வீடு வந்து சேர்ந்தேன்.